ஒளியை எங்கிருந்து காண்பது?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டை எவ்வாறு கொண்டாடுவது என்று நம் உறுப்பினர்கள் கூடிப் பேசியபோது இளங்கவிஞர் சிலர் ஒரு கருத்தை முன்வைத்தனர். தீபாவளி இரவில் படகொன்றை வாடகைக்கு அமர்த்திக் கடலுக்குள் சென்று, கரையெங்கும் எழும் வாணவேடிக்கையை நீரின் மேலிருந்து கண்டு, அங்கேயே கவியரங்கம் நடத்தலாம் என்பது அக்கருத்து. மரக்காணத்திலிருந்து செல்வதா, புதுச்சேரியிலிருந்து செல்வதா, கழுவெளியில் நிறுத்துவதா என்று பேச்சு வளர்ந்தது. முடிவு எட்டப்படாத நிலையில், “இலக்கியம் இதற்கு ஏதேனும் வழி சொல்கிறதா என்று பாருங்கள்” என அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். விளையாட்டாகச் சொல்லப்பட்டதாயினும் நான் அதனை மெய்யாகவே எடுத்துக்கொண்டேன்.

வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்த மொழி நம்முடையது. சென்று கண்டு பயன்பெற்றவன், இனிச் செல்லவிருப்பவனை ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. அவ்வகையில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை நம் மண்ணின் நூல். ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடியது. அந்நூல் கூறும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே திண்டிவனத்துக் கவிஞர்கள் மரக்காணக் கடற்கரைக்கு வழி கேட்பது இரண்டாயிரம் ஆண்டு மரபின் தொடர்ச்சியே எனலாம்.

எரியும் கையும்

சிறுபாணன் எயிற்பட்டினத்தை நெருங்கும்போது காணும் ஒளி எது? அரண்மனை விளக்கும் அன்று, விழாத் தீப்பந்தமும் அன்று. அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்து உறங்குவனபோலக் கரையில் கிடக்கின்றன. அவற்றை விறகாகக் கொண்டு நுளையர் மகள் தீ மூட்டுகிறாள். கரிய புகையும் சிவந்த தீயும் எழுகின்றன. அங்கே அவள் வடித்த தேறல் பாணனுக்குக் கிடைக்கிறது. சுட்ட மீனும் கிடைக்கிறது. நம் கடற்கரையில் தமிழ்க்கவிதை கண்ட முதல் நெருப்பு ஒரு பெண்ணின் அடுப்பு நெருப்பு என்பதை இந்த அவையில் பெருமையுடன் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நத்தத்தனார் அந்நெருப்பைத் தனியே காட்டவில்லை. விறகு எங்கிருந்து வந்தது, மூட்டியவர் யார், அதனால் உண்டவர் யார் என்ற மூன்றையும் உடன் வைத்தே காட்டுகிறார். எரிகின்ற ஒளியோடு எரிக்கின்ற கையையும் சேர்த்துக் காணும் பார்வை இது. இப்பார்வையை ஓர் அளவுகோலாகக் கைக்கொண்டு மற்ற நூல்களுக்குச் செல்வோம்.

ஒரே புலவர், இரண்டு இருக்கைகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டு பாட்டுகள் பாடியுள்ளார். தொண்டைமான் இளந்திரையன் மேலது பெரும்பாணாற்றுப்படை. சோழன் கரிகாலன் மேலது பட்டினப்பாலை. இரண்டிலும் கடற்கரை இரவின் ஒளி வருகிறது; ஆனால் இரண்டிலும் பார்வையின் இடம் வேறு.

பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் ஓங்கிய மாடமொன்று நிற்கிறது. ஏணி சாத்தியும் ஏறுதற்கு அரியது அது. இரவில் அதன்மேல் மூட்டப்படும் சுடர், பெருங்கடலில் செல்லும் கலங்களைத் துறைநோக்கி அழைக்கிறது. பாணன் நிற்பது நிலத்தில். ஆனால் அவ்வொளி அவனுக்காக ஏற்றப்பட்டதன்று. கடலில் திசை தேடுபவனுக்காக ஏற்றப்பட்டது. நிலத்தில் நிற்பவனுக்கு அது காட்சி. நீரில் இருப்பவனுக்கு அது உயிர்.

பட்டினப்பாலையில் இந்த இருக்கை மாறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து இரவில், வளைந்த திமில்களையுடைய பரதவர் உயர்ந்த மாடங்களின் ஒளியை நோக்கியவாறு விளக்குகளை எண்ணுகின்றனர். நம் இளங்கவிஞர்கள் கேட்ட காட்சி இதுவே: நீரில் வாழ்வோரின் கண்ணில் நகரத்தின் ஒளி. மாடத்தில் இருப்பவர்க்குத் தம் வீட்டு விளக்கொன்றே தெரியும். எட்ட இருப்பவர்க்கு நகரமே ஒரு வரிசையாகத் தெரியும். எண்ணிப் பார்க்கவும் கூடும். ஆனால் எண்ணுவோர் யார் என்பதையும் கருத வேண்டும். அவர்கள் வேடிக்கை பார்க்கக் கூலி கொடுத்துச் சென்றவர்கள் அல்லர். கடலையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களுடைய எண்ணிக்கையில் வியப்பும் இருக்கலாம், வீடு எவ்வளவு தொலைவு என்ற கணக்கும் இருக்கலாம்.

ஒளியைப் பாட வந்த ஒரே புலவர், ஒரு நூலில் கடலுக்குரிய ஒளியை நிலத்திலிருந்தும், மற்றொரு நூலில் நிலத்தின் ஒளியைக் கடலுக்குரியவர் கண்ணிலிருந்தும் காட்டியுள்ளார். இருக்கையை மாற்றினால் பாட்டு மாறும் என்பதை அறிந்து செய்த செயலாகவே இதனைக் கருதுகிறேன்.

திரைக்குள் அமர்ந்த இருவர்

விழாக்காலத்தில் ஒளி காணச் சென்று இடம் தேர்ந்து அமர்ந்தவர்களின் கதை ஒன்று நம்மிடம் உண்டு. அது சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை. இந்திர விழா முடிந்த நிலையில், கடல் விளையாட்டைக் காண விரும்பி மாதவியும் கோவலனும் வைகறையில் புறப்படுகின்றனர். அங்கே இளங்கோவடிகள் ஒரு விளக்குப் பட்டியலைத் தருகிறார். வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் வைத்த விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கு, மீனவர் திமில் விளக்கு, வேற்று மொழி பேசும் அயல்நாட்டார் அணையாது வைத்த விளக்கு, பண்டங்களைக் காப்போர் விளக்கு என அப்பட்டியல் நீள்கிறது. ஒவ்வோர் ஒளிக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒவ்வோர் உரிமையாளர்க்கும் ஒரு தொழில் உண்டு.

இத்தனை ஒளிக்கும் நடுவே காண வந்த இருவர் என்ன செய்கின்றனர்? புன்னை மர நிழலில், புதுமணற் பரப்பில், ஓவியம் எழுதிய திரையைச் சுற்றிலும் கட்டுவிக்கின்றனர். மேலே விதானம் அமைத்து, வெண்ணிறக் கால்களையுடைய கட்டிலில் அமர்கின்றனர். அடுத்து வருவது கானல்வரி. யாழ் கைமாறுகிறது, பாட்டின் உட்பொருள் பிழைபடக் கொள்ளப்படுகிறது, பிரிவு நேர்கிறது.

பிரிவுக்கு ஊழையும் ஐயத்தையும் காரணமாகக் கூறுவர். நான் அவற்றை மறுக்கவில்லை. அந்தத் திரையையும் சற்று நோக்குங்கள் என்றே வேண்டுகிறேன். ஊரே கூடிய கரையில், ஊரைக் காண வந்தவர்கள் ஊர் தம் கண்ணில் படாதவாறு திரை கட்டிக்கொண்டனர். பிட்டு விற்பவளின் விளக்கும் திமிலோனின் விளக்கும் திரைக்கு அப்பால் நின்றன. திரைக்குள் இருவரும் ஒருவரையொருவர் மட்டுமே கேட்டனர். அதுவும் தவறாகக் கேட்டனர். தனிப்படகு அமர்த்துவோர்க்கு இக்காதை ஓர் எச்சரிக்கை. கூலி கொடுத்து அமர்த்தும் படகு, நம்மைச் சுற்றிக் கட்டப்பட்ட ஓவியத் திரையாகிவிடும் வாய்ப்பு மிகுதி.

இதற்கு மாறான ஒளியும் நம் இலக்கியத்தில் உண்டு. அகநானூற்று 141ஆம் பாட்டில், மழை நீங்கிய வானத்தில் மதியும் கார்த்திகை மீனும் கூடும் நாளில், தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தூக்கி எடுக்கும் விழாவைத் தலைவி பேசுகிறாள். அவ்விழாவை நம்மோடு கொண்டாட அவர் வருவாராக என்பதே அவள் வேட்கை. எத்தனை விளக்கு என்று அவள் எண்ணவில்லை. அருகில் இல்லாத ஒருவரையே எண்ணுகிறாள். ஒளியை எங்கிருந்து காண்பது என்ற வினாவுக்குள் யாருடன் காண்பது என்ற வினாவும் அடங்கியிருக்கிறது.

வெடிமருந்தும் சுமிதா ஆறும்

மேற்கூறிய ஒளிகள் யாவும் நெய்யாலும் விறகாலும் ஆனவை. வானில் சென்று மலரும் ஒளி பிற்காலத்தில் வந்தது. 1443இல் விசயநகரத்தில் இருந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கு நிகழ்ந்த விழாவில் வாணவேடிக்கை கண்டதைக் குறித்துள்ளார். இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை ஆராய்ந்த பி. கே. கோடே இச்சான்றை எடுத்துக்காட்டியுள்ளார். சிவகாசியின் தொழில் இருபதாம் நூற்றாண்டினது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து அது கிளைத்தது.

படகிலிருந்து வாணவேடிக்கை காணும் வழக்கத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் சப்பானியர். தோக்கியோவின் சுமிதா ஆற்றில், ரியோகோக்கு என்னுமிடத்தில் இவ்வழக்கம் 1733இல் தொடங்கியது என்பது மரபு. பஞ்சத்திலும் நோயிலும் மாண்டவர்களின் ஆவி அமைதியுற அது நிகழ்த்தப்பட்டது என்றும் மரபு கூறும். கூரையிட்ட படகுகளில் அமர்ந்து மக்கள் காண்பர். ஓவியர் இரோசிகே 1858இல் அக்காட்சியை மரச்செதுக்குப் படமாக்கினார். அதில் அவர் வெடியை மட்டும் வரைந்து நிறுத்தவில்லை. இருண்ட ஆற்றையும் பாலத்தையும் சிறுசிறு படகுகளையும் சேர்த்தே வரைந்தார். வானத்துப் பூவை விட அதன்கீழ் உள்ள இருட்டுக்கே அப்படத்தில் இடம் மிகுதி. கவிஞர்கள் அப்படத்தை ஒருமுறையேனும் பார்த்தல் நலம்.

நீரில் ஏறியவர்களின் கணக்கு

இனி, இலக்கியத்தை ஒருபுறம் வைத்துவிட்டு உயிர்க் கணக்கைப் பேச வேண்டும். ஆற்றுப்படையில் வழியின் இடையூறுகளைச் சொல்லுதலும் புலவன் கடனே.

2012 அக்டோபர் 1 அன்று ஆங்காங்கில் சீன தேசிய நாள் வாணவேடிக்கையைக் காண, மின்நிறுவனம் ஒன்றின் ஊழியர்களையும் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு ‘லம்மா 4’ என்னும் கப்பல் புறப்பட்டது. வழியில் பயணிகள் கப்பலொன்றுடன் மோதி விரைவில் மூழ்கியது. 39 பேர் மாண்டனர். அவர்களுள் 8 பேர் குழந்தைகள். நீர்புகாக் கதவு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதும் குழந்தைகளுக்கான உயிர்காப்புச் சட்டைகள் இல்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. அவர்கள் காணச் சென்ற ஒளி அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நம் அருகிலேயே சான்றுகள் உள. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையோர விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறித்துமசு விடுமுறை நாளில், பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மூன்றுமே காட்சி காணும் பயணங்கள். மூன்றிலும் குடும்பத்தோடு சென்றவர்கள் இருந்தனர்.

வாணவேடிக்கைக்கு ஒரு தனி இடர் உண்டு. விலங்கு எப்போதோ ஒருமுறை ஒரு பக்கத்தில் தோன்றும். வாணமோ எப்போதும் ஒரே பக்கத்தில்தான் எழும். எல்லோரும் எழுந்து நிற்பர்; எல்லோரும் அந்தப் பக்கமே சாய்வர். எழுந்து நிற்கும்போது படகின் பாரம் மேலேறுகிறது. சாயும்போது ஒரு பக்கம் தாழ்கிறது. இரண்டும் சேர்ந்தால் சிறு அலையே போதும். ஆகவே படகில் ஏறும் முன்பே இருக்கையும் திசையும் முடிவாக வேண்டும்; ஏறியபின் எவரும் எழுதல் கூடாது. கவியரங்கத் தலைவர்க்கும் இது பொருந்தும்.

எந்த நீர்?

இப்போது இடத்தேர்வுக்கு வருகிறேன். நம்முன் உள்ளவை நான்கு: மரக்காணத்தின் திறந்த கடல், கழுவெளி, புதுச்சேரியை ஒட்டிய கழிமுகம், மயிலம் மலை.

முதலில் கடல். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம் என்று வகுத்தனர் முன்னோர். வாடை வீசும் காலம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வங்கக்கடலை ஆளும் காலம். 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரைகடந்த பெங்கல் புயல் மயிலத்தில் கொட்டிய மழையை இந்த அவையில் யாரும் மறந்திருக்க முடியாது. மேலும் தீபாவளி அமாவாசையை ஒட்டிய இரவு. இருட்டு நன்றாக அமையும் என்பது உண்மையே. ஆனால் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் ஓங்கும். முகத்துவாரங்களில் நீரோட்டம் வலுக்கும். ஒளிக்கு உகந்த இரவு படகுக்கு உகந்த இரவாக அமைவதில்லை. மீன்பிடிப் படகு மீன்பிடிக்கப் பதிவு பெற்றது. மக்களை ஏற்றிச் செல்லும் உரிமம் வேறு. இவை யாவும் கருதித் திறந்த கடலை விலக்குகிறேன்.

அடுத்தது கழுவெளி. அலையற்ற நீர்ப்பரப்பு, நம் மாவட்டத்திலேயே உள்ளது. பலர் மனம் அதில் நின்றதில் வியப்பில்லை. ஆனால் 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொலைநாடுகளிலிருந்து பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும் காலமும் இதுவே. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் பொருட்டு ஓர் ஊரே தன் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்ளும்போது, கவிஞர்கள் விளக்கும் கூச்சலுமாகக் கழுவெளிக்குள் நுழைதல் அழகன்று. நாரையைத் தூது விட்ட மரபினர் நாம். நாரையின் உறக்கத்தைக் கெடுத்தல் ஆகாது.

மூன்றாவது புதுச்சேரியை ஒட்டிய கழிமுகம். சங்கராபரணி என்றும் செஞ்சியாறு என்றும் வழங்கும் ஆறு நம் செஞ்சிப் பக்கத்தில் தோன்றி, நம் மாவட்டத்தின் வயல்களை நனைத்து, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரு கிளைகளாகிக் கடல் சேர்கிறது. சுண்ணாம்பாற்றில் படகுக் குழாம் உள்ளது. முகத்துவாரத்துக்கு நெருங்காமல் உள்ளொதுங்கிய பகுதியில் அலை குறைவு, கரை அருகில். உரிய இசைவு பெற்று, உரிமமுள்ள படகில், ஒவ்வொருவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து, நங்கூரமிட்ட நிலையில் அமர்ந்து காண்பதானால் அதுவே தக்க இடம். நம் ஊர் நீரின் மேல் அமர்ந்தே நாம் கடலோரத்தைக் காண்கிறோம் என்ற நிறைவும் உண்டு.

நேரத்தையும் கூற வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையிலும் இரவு 7 முதல் 8 வரையிலும் வெடிக்கலாம் எனத் தமிழக அரசு வரையறுத்தது. ஆகவே காணத்தக்கது ஒரு மணி நேரமே. படகு ஏழு மணிக்கு முன்பே தன் இடத்தில் நின்றுவிட வேண்டும். காற்றையும் பார்க்க வேண்டும். வாடையும் கொண்டலும் வீசினால் புகை நிலத்தின் பக்கம் செல்லும், காட்சி தெளிவாகும். நிலக்காற்று வீசும் இரவில் புகை நீரை நோக்கி வரும். அப்போது படகைக் காற்றின் போக்குக்கு விலகி ஒருபுறமாக நிறுத்த வேண்டும். தொலைவு ஒரு கிலோமீட்டர் அளவில் இருந்தால் ஒளி தோன்றி மூன்று நொடி கழித்தே ஓசை வந்து சேரும். பூ மலர்ந்து உதிரத் தொடங்கிய பின்னர் அதன் முழக்கம் கேட்கும். அந்த மூன்று நொடி அமைதி கரையில் நிற்பவர்க்குக் கிட்டாதது. படகில் ஏறுவதால் கவிஞர்க்குக் கிடைக்கும் பெரும்பேறு அதுவே என்பேன்.

நான்காவது மயிலம். படகில் ஏற இயலாத மூத்தோர்க்கும் குழந்தைகளுக்கும் அதனைப் பரிந்துரைக்கிறேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் அமைந்தது. 1938 முதல் தமிழ்க் கல்லூரி நடந்துவரும் ஊர். சிறு குன்றேயாயினும் சுற்றிலும் சமவெளியாதலால் பல ஊர்களின் வாணங்களை அங்கிருந்து ஒருங்கே காணலாம். ஓர் ஊரின் வாணம் ஓய மற்றோர் ஊரின் வாணம் எழும். அதுவும் எண்ணத்தக்க காட்சியே.

விருந்தாகச் செல்லுதல்

இடம் கூறிவிட்டேன், இனி முறை கூற வேண்டும். உள்நாட்டவர் கடற்கரைக்குச் செல்லும் முறையை நம் பகுதி மக்கள் முன்பே வகுத்து வைத்துள்ளனர். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் திண்டிவனம் நல்லியக்கோடன் நகர்ப் பெருமாளும் புதுச்சேரி வைத்திக்குப்பக் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றனர். ஓய்மானாட்டு மன்னனின் பெயர் தாங்கிய நகரிலிருந்து ஒரு தெய்வம் இன்றும் நெய்தல் நிலத்துக்குச் செல்கிறது. அங்கே அத்தெய்வம் மீனவர் குப்பத்தின் விருந்து. காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்திலோ, மாசி மகத்தன்று எழுந்தருளும் திருக்கண்ணபுரத்துப் பெருமாளை மீனவ மக்கள் தம் வீட்டு மாப்பிள்ளையாகவே கொண்டாடுகின்றனர். குப்பத்துக்குச் செல்லும் தெய்வமே விருந்தும் உறவுமாகத்தான் செல்கிறது. நாமும் அவ்வாறே செல்லுதல் முறை.

ஆகவே என் ஆற்றுப்படையின் கடைசி வழி இது. படகைச் செலுத்துபவரை அமரத்தில் விட்டுவிட்டு நாம் அணியத்தில் கவி பாடுதல் வேண்டா. கவியரங்கின் முதல் சொல் அவருடையதாகட்டும். இரவில் கரையை அவர் எந்தெந்த விளக்குகளால் அடையாளம் காண்கிறார், 1836இல் ஏற்றப்பட்ட புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கத்தையும் 1979இல் வந்த புதியதையும் பற்றி அவர் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கின்றனர், வாணங்கள் எழும் இரவில் கடலிலிருந்து திரும்புபவர்க்குக் கரை எவ்வாறு தோன்றும் என்பவற்றை அவரிடம் கேட்போம். பரதவர் எண்ணிய விளக்குகளின் கணக்கு உருத்திரங்கண்ணனாரோடு முடிந்துவிடவில்லை. கேட்பார் இன்மையால் ஏடேறாமல் இருக்கிறது.

அதன்பின் எழுதும் கவிதைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் தீபாவளிக் கவிதைகள் பல படிக்கப்பட்டன. “வானில் பூத்த வண்ணப் பூக்கள்” என்னும் போக்கிலேயே பெரும்பாலானவை அமைந்தன. அவற்றைப் பாடியவர் மாடியில் நின்றாரா, மணலில் நின்றாரா, மருந்து இடித்த கையின் அருகில் நின்றாரா என்று தெரியவில்லை. அடுத்து எழுதும் கவிதையில் முதலில் நின்ற இடம் தெரியட்டும். பச்சை ஒளியைப் பாடினால் அதில் பேரியம் எரிந்ததும், அவ்வுப்பைப் பட்டாசுக்கு ஆகாதென நீதிமன்றம் விலக்கியதும் நினைவில் இருக்கட்டும். சிவப்பைப் பாடினால் சிவகாசியின் வெடிவிபத்துகளில் கருகியவர்களும் நினைவில் இருக்கட்டும். இவற்றை வெளிப்படச் சொல்ல வேண்டும் என்பதில்லை. நுளையர் மகளின் அடுப்பைப் பாடிய நத்தத்தனார் ஒரு நீதியும் சொல்லவில்லை. விறகையும் கையையும் காட்டினார், அவ்வளவே.

அமைப்பாளர்களுக்கு என் முடிவைத் தொகுத்துரைக்கிறேன். இவ்வாண்டுத் தீபாவளியன்று திறந்த கடல் வேண்டா; கழுவெளி வேண்டா. இசைவு கிடைத்து வானமும் தெளிந்திருந்தால் சுண்ணாம்பாற்றின் உட்பகுதியில் நங்கூரமிட்ட படகு. மழைக்குறி இருந்தால் தயங்காமல் மயிலம் குன்று. மாசி மகத்தன்று அனைவரும் வைத்திக்குப்பக் கரையில் கூடுவோம். அன்று நிலவும் உண்டு, கடலும் ஓரளவு அமைதி கொள்ளும். இரு நாள்களுக்கும் உரிய கவிதைகளை அடுத்த மலரில் அடுத்தடுத்து அச்சிட்டால், இடம் மாறும்போது பாட்டு எவ்வாறு மாறுகிறது என்பதைப் படிப்பவர் தாமே கண்டுகொள்வர்.